வேன் அத்தையின் இருபத்தைந்து நிமிடம்

வேன் அத்தைக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடமாக ஓட்டுநர். அதில் கடைசி ஆறு வருடமாக சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரே வேலைதான்: மலையிறங்கு சைக்கிள் கிளப்பின் பிள்ளைகளையும் அவர்களுடைய சைக்கிள்களையும் உச்சியில் கொண்டுபோய் இறக்கிவிடுவது. பின்னால் கம்பிச் சட்டத்தில் எட்டு சைக்கிள், உள்ளே எட்டுப் பிள்ளைகள், அவர்களோடு ஏறிக்கொள்ளும் சேறு, சண்டை, பாதி தின்ற வாழைப்பழம். இறக்கிவிட்டு, தார்ச்சாலையில் ஒன்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு இவர் அடிவாரம் வந்து சேர்வதற்குள், பிள்ளைகள் காட்டுப் பாதையில் இரண்டு கிலோமீட்டரைக் குதித்து இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். "என்ன அத்தை, வழியில டீ குடிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேலி வேறு.

உண்மையில் அவர் ஒருத்திக்குத்தான் அத்தை. தம்பி மகள், பதினாறு வயது, சந்து கிடைத்தால் நுழைந்துவிடுகிற உடம்பு, அதனால் சுண்டெலி என்று பெயர். அவள் அத்தை என்று கூப்பிட, கூட வந்த பிள்ளைகளும் கூப்பிட, கடைசியில் கிளப் தலைவரே போனில் "அத்தை, நாளைக்கு ஏழு மணி" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. தலைவருக்கு இவரைவிடப் பத்து வயது கூடுதல். இவரும் அதைச் சொல்லிக்காட்டாமல் விடுவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆறு வருடம் ஏற்றிவிட்டவர் அந்தப் பாதையை ஒரு நாளும் பார்த்ததில்லை. பிள்ளைகள் வேனில் பேசுவதைக் கேட்டே அத்தனை இடத்துக்கும் பெயர் தெரியும். கற்கள் வரிசையாகத் துருத்திக்கொண்டிருக்கும் இடம் பல்வரிசை. வாகாகச் சாய்ந்து திரும்பக்கூடிய கடைசி வளைவுகள் சோபா. அதற்குச் சற்று மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக இறங்கும் பாறைச் சரிவுக்கு மாமியார் என்று பெயர். வைத்தது யார் என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவளைக் கைகாட்டுவார்கள்.

அத்தை நல்ல மனுஷி. ஆனால் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வருகிற வண்டியைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு, அடிவாரத்துக்கும் கீழே உள்ள ஊருக்கு மலைச்சாலையில் இறங்கும்போதெல்லாம் முன்னால் போகிற கார்க்காரனுக்கு அர்ச்சனை நடக்கும். "பாரு, வளைவுக்குள்ள போய் மிதிக்கிறான் பாரு. முன்னாடியே குறைச்சிட்டு வளைவுல காலை எடுக்கணும்டா. பிரேக்குக்கு மூச்சு விட நேரம் குடுக்கணும். இந்தா, நாத்தம் வந்திடுச்சு. வண்டி அழுவுது, இவனுக்குக் கேக்கல." கார்க்காரனுக்கும்தான் கேட்காது. கேட்டதெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத்தான். அவர்கள் அத்தையின் குரலிலேயே அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். அத்தை கண்ணாடி வழியாக முறைப்பார்.

வருடாந்திர மலையிறங்கு போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் வினை வந்தது. பெண்கள் பிரிவு என்று தனியாக ஒன்று நடக்க வேண்டுமானால் ஐந்து பேர் முடிவுக் கோட்டைத் தாண்டி முடிக்க வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் மற்றவர்களின் நேரத்தைப் பையன்களின் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். போன வருடம் அப்படித்தான் ஆனது. பெண்களிலேயே வேகமாக வந்த சுண்டெலிக்குப் பட்டியலில் பதினான்காம் இடம். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு பேருக்கு இரண்டு மாதப் பயிற்சி முகாம். பதினான்காம் இடத்துக்கு ஒரு கைகுலுக்கல். முகாமுக்குப் பதினாறு வயதுதான் எல்லை என்பதால் சுண்டெலிக்கு இந்த வருடத்தை விட்டால் வேறு வருடம் இல்லை.

இந்த முறை ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்தாவது பெண் மலையில் எத்தனையோ முறை உருண்டு ஒரு கீறலும் இல்லாமல் எழுந்தவள். வியாழக்கிழமை காலையில் சொந்த வீட்டு மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

போட்டி வாரம் என்பதால் வார நாளிலும் பயிற்சி இருந்தது. அன்று மாலை, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் வேனின் ஜன்னலில் வந்து சாய்ந்தார்.

"அக்கா, நீங்க கிளப் மெம்பர்தானே?"

"இன்சூரன்சுக்காகப் பேர் எழுதினீங்க. அதுக்கென்ன இப்போ?"

"சைக்கிள் ஓட்டுவீங்கதானே?"

"ஸ்கூலுக்கு சைக்கிள்லதான் போனேன். இப்பவும் காய் வாங்கப் போவேன். ஏன் கேக்கறீங்க?"

போட்டிக்கு வயது எல்லை கிடையாது, கிளப் மெம்பராக இருந்தால் போதும், பயிற்சி கொடுப்பவர்தான் இறங்கக் கூடாது. டீச்சர் அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் டீச்சர். அப்படிப் பாக்காதீங்க. எனக்குப் புரியுது, அதனாலதான் சொல்றேன். வேணாம்."

பின் சீட்டில் மற்ற நாலு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக வாய் ஓயாத சுண்டெலி காலணியின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தை நாலு திட்டுத் திட்டி மறுத்திருப்பார். கேட்காததால் மனசு கேட்கவில்லை.

"இறங்கித் தள்ளிக்கிட்டு வரலாமா?" என்றார்.

தள்ளலாம். சைக்கிளோடு கோட்டைத் தாண்டினால் போதும். ஆனால் பெண்கள் பிரிவுக்கு ஒதுக்கியது அரை மணி நேரம். பத்தரைக்கு ஆரம்பித்து நிமிடத்துக்கு ஒருத்தியாகக் கிளம்பினால், ஐந்தாவதாகக் கிளம்புகிறவருக்கு மிச்சம் இருபத்தாறு நிமிடம். சனிக்கிழமை முழுப் பாதையையும் தள்ளிக்கொண்டே நடக்க வைத்துப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. ஆக, எப்படியாவது பன்னிரண்டு நிமிடத்தைச் சைக்கிள் மேல் ஏறித்தான் மிச்சம் பிடிக்க வேண்டும்.

அன்றுதான் அத்தை மாமியாரை நேரில் பார்த்தார். கீழே நின்று பார்த்தபோது, "இதுக்கா ஆறு வருஷமா இவ்வளவு பேச்சு?" என்றார். மேலே கூட்டிப்போய் நிறுத்தியதும் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "இவகிட்ட நான் வம்புக்குப் போகல. ஓரமா நடந்திடறேன்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேனை ஓட்ட, டயர் கடையில் வேலை பார்க்கும் கணவர் வந்தார். பாதையைவிட அதுதான் அத்தைக்குப் பெரிய கவலை. "கிளட்ச்ச அரைச்சீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க" என்று சாவியைக் கொடுத்தார். டீச்சரின் ஹெல்மெட், நெட்டைக்கால் என்ற உயரமான பெண்ணின் முழங்கால் கவசம், மணிக்கட்டு உடைந்தவளின் சைக்கிள். சீட்டு அநியாயத்துக்குத் தாழ்ந்திருந்தது.

"இத ஏத்திவிடுங்கடி."

"இறங்கும்போது உக்காரக் கூடாது அத்தை. பெடல்ல நிக்கணும்."

"உக்காரக் கூடாதுன்னா எதுக்குடி சீட்டு வச்சிருக்கான்?"

நாலு பேரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். உச்சியில், கிளம்புகிற மேடையில் அத்தை தனியாக நின்றார். நேரம் காட்டும் கருவி ஐந்து முறை கூவியது. பின்னால் கணவர் என்னவோ சொன்னார், ஹெல்மெட்டுக்குள் கேட்கவில்லை. கிளம்பிவிட்டார்.

முதல் நூறு மீட்டர் காய் வாங்கப் போகிற வழி மாதிரிதான் இருந்தது. அதற்கப்புறம் தரை சரிந்தது. அத்தை இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை. முதல் வளைவில் பின்சக்கரம் நின்றுபோய் இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது வளைவில் சைக்கிள் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம், காய்ந்த இலைக் குவியலில். அடி ஒன்றும் இல்லை. ஆத்திரம்தான். எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஏறினார், மறுபடி சறுக்கினார். பல்வரிசையில் இறங்கித் தள்ளினார். அங்கே கொடியோடு நின்ற அலுவலர், "பன்னெண்டு நிமிஷம் ஆச்சும்மா" என்றார். பாதையில் மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. விரல்கள் மரத்துப்போய், கை தன்னுடையதா என்றே சந்தேகமாக இருந்தது. பிள்ளை வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்தபோது அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது. சுண்டெலி. கீழே முடித்த கையோடு, குறுக்கு வழியில் மலையேறி ஓடி வந்திருக்கிறாள். முகமெல்லாம் சேறு. மூச்சு வாங்கியது.

"அத்தை, நில்லுங்க. ஏதோ நாத்தம் அடிக்குதே, என்னன்னு சொல்லுங்க."

அத்தை மூக்கை உறிஞ்சினார். அவருக்கு இந்த உலகத்தில் நன்றாகத் தெரிந்த வாடை. கருகின பிரேக்.

"யார் வண்டி அத்தை அது?" என்றாள் சுண்டெலி, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

அத்தைக்கு மானமே போய்விட்டது. ஆறு வருடமாக ஊரில் உள்ள கார்க்காரனை எல்லாம் திட்டினவர், பிரேக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

"வளைவுக்கு முன்னாடியே குறைச்சிட்டு, வளைவுல கையை எடுங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் இறங்கறோம். டீச்சர் சொல்லிக்குடுக்கறதுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும். வேன்ல கேட்டுக்கேட்டு மனப்பாடம்."

"திட்டினதையா கத்துக்கிட்டீங்க?"

"அத்தை, நேரம் ஆவுது. போங்க."

அத்தை போனார். அடுத்த வளைவைச் சைக்கிளின் வளைவாகப் பார்க்கவில்லை, வேனின் வளைவாகப் பார்த்தார். முன்னாடியே பிடித்துக் குறைத்தார். உள்ளே நுழையும்போது விரலை விட்டார். சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு தானாகத் திரும்பியது. "அட" என்றார். இன்னொரு வளைவு. அதுவும் திரும்பியது. பதினெட்டு வருடமாகக் காலுக்குத் தெரிந்த வித்தை விரலுக்கு வருவதற்கு ஏழு வளைவு போதுமானதாக இருந்தது. சுண்டெலி கயிற்றோரமாகவே சறுக்கிக்கொண்டு கூட ஓடி வந்தாள். கீழே ஓரிடத்தில் நெட்டைக்கால், இன்னும் கீழே மற்ற இரண்டு பேர், "வலது பக்கம் வேர் இருக்கு, இடது பக்கமா வாங்க" என்று ஆளுக்கொரு திருப்பத்தில் கத்திக்கொண்டு நின்றார்கள்.

மாமியாரின் தலைக்கு வந்தபோது இருபத்திரண்டு நிமிடம் முடிந்திருந்தது. ஓரமாகச் சுற்றி இறங்கி நடக்க மூன்று நிமிடம் ஆகும். கணக்குப் போட்டுப் பார்க்க நேரம் இல்லை, போட்டாலும் உதைத்தது. கீழே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நின்றது. பிள்ளைகளின் அம்மாக்கள், மருந்துக்கடை அம்மா, பள்ளிக்கூடப் பெண்கள்.

"இடுப்பைப் பின்னாடி தள்ளுங்க, தூரமாப் பாருங்க" என்று குரல் வந்தது.

"சரி, ஆனது ஆகட்டும்" என்றார் அத்தை. கண்ணைத் திறந்துவைத்திருந்தாரா மூடிக்கொண்டாரா என்று இன்றைக்கும் அவரால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியது தெரியும். வயிறு மேலேயே தங்கிவிட்டதும் தெரியும். அடுத்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் சைக்கிள் நிமிர்ந்து ஓடிக்கொண்டிருந்ததும், தான் அதன் மேலேயே இருந்ததும்தான். கூட்டம் ஓவென்று கத்தியது. சோபா வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. மண் சுவர் முதுகைத் தாங்கித் திருப்பிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் கூட இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினார்.

இருபத்தைந்து நிமிடம் பன்னிரண்டு விநாடி. முதலில் வந்த நெட்டைக்காலுக்கு மூன்று நிமிடம் ஒன்பது. அவளைவிட ஒரு விநாடி பிந்தி சுண்டெலி, இரண்டாம் இடம். மேசையில் உட்கார்ந்திருந்த பதிவுக்காரர் பேனா முனையால் ஐந்து பெயரையும் தொட்டுத்தொட்டு இரண்டு தடவை எண்ணிவிட்டு, பெண்கள் பிரிவு என்று தனிப் பட்டியல் ஒட்டினார். சுண்டெலி ஓடி வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். சேற்றோடு சேறு. இரண்டு பேரும் அழுதார்கள், யார் முதலில் ஆரம்பித்தது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அத்தை வேனைக் கொண்டுவந்து நிறுத்தினால், எதிரே ஒரு வரிசை நின்றது. கடன் வாங்கிய சைக்கிள், வாடகை சைக்கிள், கூடை வைத்த சைக்கிள்கூட ஒன்று. பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று பேர், பள்ளிக்கூடப் பெண்கள் ஏழு பேர். எல்லாருக்கும் முன்னால் மருந்துக்கடை அம்மா.

"என்னம்மா விசேஷம்?" என்றார் அத்தை.

"சுண்டெலி பறக்கறத இத்தனை வருஷமாப் பாத்தோம்" என்றார் மருந்துக்கடை அம்மா. "பாத்து, கைதட்டிட்டு, வீட்டுக்குப் போயிட்டோம். அது நமக்கு இல்லன்னு நெனச்சோம். நீங்க உடம்பெல்லாம் இலையும் மண்ணுமா வந்ததப் பாத்தப்புறம்தான், நாமளும் போகலாமேன்னு தோணிச்சு. நெஜமாத்தான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க."

அத்தை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போனை எடுத்துக் கணவரை வரச் சொன்னார். அவர் வந்ததும் சாவியைக் கையில் வைத்தார்.

"ஏழு பேர் முதல்ல, மிச்சம் அடுத்த ட்ரிப்பு. கிளட்ச்சு ஞாபகம் இருக்கட்டும். கூடை சைக்கிள்காரிக்கு கிளப் சைக்கிள் ஒண்ணு எடுத்துக் குடுங்க. என்னோடதையும், அதான் போன வாரம் ஓட்டினது, சட்டத்துல மாட்டுங்க."

"உன்னோடதா?"

"பின்ன, இவங்களுக்கு பிரேக்கை எப்ப விடணும்னு யார் சொல்றது?"

பந்தயப் பாதைக்குப் பக்கத்தில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று அகலமான பாதை ஒன்று உண்டு. அதில் இறங்கி வர அவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. விழுந்தார்கள், எழுந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தே பாதி நேரம் போயிற்று. அடிவாரத்தில் வேன் முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது. கணவர் கதவில் சாய்ந்தபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன, வழியில டீ குடிச்சிட்டு வந்தீங்களா?"

அத்தை ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் புழுதி, அதற்கு நடுவில் பல் மட்டும் தெரிந்தது.

"பதினோரு பேரைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்" என்றார். "எண்ணிப் பாருங்க."