ஒட்டக் கறந்த மடி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சோதனை வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசி. ஆட்டையாம்பட்டிப் பக்கம் கால்நடை மருத்துவராகப் போயிருந்தேன். ஒரு முற்பகலில் பாவாயி என்ற அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார்.

"சார், நேத்து கன்னு போட்ட சீமை மாடுங்க. காத்தால இருந்து எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க! எங்க ஊட்டுக்காரரு போர் போடற ரிக் லாரில வடக்க போயிருக்காருங்க. வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

போய்ப் பார்த்தேன். மூன்றாம் ஈத்து, ஜெர்சிக் கலப்பு. தலையை விலாப் பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. காது ஜில்லென்றிருந்தது.

"இடுப்பு முறிஞ்சு போச்சுங்க. இனி அவ்வளவுதான்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். இப்படிச் சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார்.

அந்தப் பதற்றத்திலும் பாவாயி ஒரு தட்டை நீட்டினார். வெல்லம் போட்டு அவித்த சீம்பால்.

"சாப்புடுங்க சாமி. நேத்தே மடியை ஒட்டக் கறந்து சொந்தக்காரங்க ஊட்டுக்கெல்லாம் குடுத்துட்டேனுங்க."

எனக்குப் பொறி தட்டியது. நாட்டு மாடு கறப்பது கொஞ்சம். கலப்பின மாட்டுக்குக் கன்று போட்டதும் பால் திடீரென்று பெருகும். பாலுக்கு வேண்டிய கால்சியம் ரத்தத்திலிருந்துதான் போகிறது. முதல் நாளே சொட்டு விடாமல் மடியை ஒட்டக் கறந்தால் இன்னும் இழுக்கும். தசை ஓய்ந்து மாடு படுத்துவிடும். மில்க் ஃபீவர் என்று பெயர்தான், காய்ச்சல் இருக்காது.

கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். படித்திருந்தேனே தவிர, தனியாகச் செய்ததில்லை. ஒரு கையில் பாட்டில், மறு கையில் ஸ்டெதாஸ்கோப். நடுவில் துடிப்பு தடுமாறியது. சட்டென்று பாட்டிலைத் தாழ்த்தினேன்.

"செத்துருமுங்களா சார்?"

"பேசாம இருங்கம்மா!" என்று எரிந்து விழுந்தேன். பயம்தான், வேறென்ன.

பாட்டில் முடியும் நேரம் மாடு ஏப்பம் விட்டது. சாணி போட்டது. அப்பாடா! கொஞ்ச நேரத்தில் பின்னங்காலை ஊன்றி எழுந்தே விட்டது. பாவாயி ஓவென்று அழுதார்.

"சீம்பால் முதல்ல கன்னுக்கும்மா. ரெண்டு மூணு நாளைக்கு ஒட்டக் கறக்காதீங்க," என்றேன். நான் கற்ற பாடமும் அதுதான்: கன்று போட்ட மாட்டைப் பார்க்கப் போனால், முதலில் எவ்வளவு கறந்தார்கள் என்று கேட்பேன்.

அடுத்த ஈத்தின்போது பாவாயியைச் சந்தையில் பார்த்தேன். மாடு எப்படி என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"கன்னு குடிச்சது போக மடில பாதிய உட்டுட்டேனுங்க. சீம்பால் வரலைன்னு எங்க நாத்தனா மொகங்குடுத்துப் பேசறதில்லீங்க. பேசாட்டிப் போறா. மாடு நிக்குதுங்க!"

எனக்கும் அந்த முறை சீம்பால் தட்டு வரவில்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.