பாக்கியம் போட்ட பூட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாக்கியத்தின் மகள் போனில் கூப்பிட்டாள். "சித்தி, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். அழுது ஓய்ந்தபின், "அம்மா போனைத் திறக்க முடியல. மத்த எல்லார் நம்பரும் அதுலதான் கிடக்கு. பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது. அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அவளோடு பழகிய உங்களுக்கு ஏனென்று தெரியும்.

எண்பதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் ஒரு நூற்பாலை ஆபீஸில் நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள். என் மேசைக் கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள் டாஸ், அவள் மேசையில் இருந்ததற்கு யூனிக்ஸ். எது பத்திரம் என்று தினமும் சண்டை. என்னுடையதில் சுவிட்சைப் போட்டால் போதும், யாரும் எந்த ஃபைலையும் திறக்கலாம், அழிக்கலாம். அவளுடையது பெயர் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும், அதன்பிறகும் அவரவர்க்கு உரியதை மட்டுமே காட்டும். "ஏட்டி செல்வி, உன் மெஷின் சந்தைக்கடை. வாரவன் போறவன் எல்லாம் கை வைக்கான்" என்பாள். "உன் மெஷினுக்குள்ள போறதுக்குள்ள டீ ஆறிப்போகும்" என்பேன் நான். புளியங்குடியிலிருந்து எனக்கென்று எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவருவாள். அதைத் தின்றுகொண்டேதான் அவளைத் திட்டுவேன்.

எங்கள் ஊரில் பாஸ்வேர்டு என்றால் வேறென்ன தோன்றும்? அம்மன் பெயர்தான். கோமதி என்று அடித்தால் ஆபீஸில் பாதிப் பேருடையது திறந்துகொள்ளும். பாக்கியம் தலையில் அடித்துக்கொள்வாள். "பூட்டு எம்புட்டு பெருசுன்னு பாக்காதீங்க சார், சாவியை எங்கன வைக்கீங்கன்னு பாருங்க" என்று மேனேஜரையே கடிந்திருக்கிறாள்.

ஒருநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு மெஷின் எதுக்கும்மா? எது பத்திரமோ அது இருக்கட்டும். மத்தது போகட்டும், அதை ஓட்டுத ஆளும்தான்." மறுநாள் காலை ஒருத்தி மெஷினை மற்றவள் திறந்து காட்ட வேண்டும். என் வீட்டில் அப்பா படுத்த படுக்கை. சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். அன்று ஊறுகாய் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் பாக்கியம் என் டாஸில் உட்கார்ந்தாள். ஒரு வாய் காபி குடிக்கும் நேரத்தில் தொழிலாளர் வருகைப் பதிவு முழுக்கத் திரையில் வந்துவிட்டது. அடுத்து நான். வேலை போனதென்றே நினைத்தேன். பெயர் கேட்ட இடத்தில் அவள் பெயரையும், பாஸ்வேர்டுக்கு வேறெதுவும் தோன்றாமல் கோமதி என்றும் அடித்தேன். அம்மாடி, திறந்துகொண்டது! முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "சரியாப் போச்சு, ரெண்டு வீடும் தொறந்துதான் கிடக்கு. ரெண்டு பேரும் இருந்து ஒருத்திக்கொருத்தி காவல் பாருங்க" என்றார். மேனேஜர் விடுவாரா? பாக்கியம் தலையைக் குனிந்து அத்தனை கேலியையும் வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "ஏட்டி, நீயா கோமதின்னு வச்ச?"

"காலையில வந்துதான் மாத்துனேன். பயத்துல உனக்கு வேற என்ன தோணப்போகுது?"

"உன் பேரு கெட்டுப்போச்சேட்டி."

"போனாப் போகுது. நீ போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போட?"

புளியங்குடி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். மறுநாளே பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள்.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது மகள் அந்த போனை என் கையில் தந்தாள். ஆசைக்கு ஒருமுறை கோமதி என்று அடித்துப் பார்த்தேன். திறக்கவில்லை. பாக்கியம் பூட்டினால் பூட்டியதுதான். வாழ்நாளில் ஒரே ஒருமுறை திறக்கும்படி பூட்டினாள், அது எனக்காக. அந்த ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.