ஆறாம் எண் சாம்பிள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. சேர்ப்பதாக இருந்தால் என்னை இவ்வளவு கேவலமானவளாகக் காட்டிக்கொள்வேனா?

நான் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கிராஃபீன் என்று ஒன்று உண்டு. கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காகக் கைகோத்து நிற்கும் தாள். அதைவிட மெல்லிசாக ஒரு தாள் இருக்கவே முடியாது. அதன் ஒரு முனையைச் சூடாக்கினால் அங்கே அணுக்கள் நடுங்கும். அந்த நடுக்கம் பக்கத்து அணுவைத் தொற்றி, அடுத்ததைத் தொற்றி, மறுமுனைக்கு ஓடும். செம்பில் போவதைவிடப் பல மடங்கு சுலபமாக அதில் வெப்பம் போகும். தாள் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தூசு, துளி ஈரம் பட்டாலும் நடுக்கம் அங்கேயே தடுமாறிவிடும். அதனால் முகமூடி இல்லாமல் யாரும் மேசைமேல் குனிய மாட்டோம். சாம்பிள்மேல் மூச்சு விடுவது எங்கள் அறையில் கொலைக் குற்றம்.

நான் நாலு வருஷமாக ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குப் பேராசிரியர் முடிவு சொல்வதாக இருந்தது. எனக்குப் போட்டி அவள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தவள். நான் வைத்த பட்டப்பெயர் சுத்தக்காரி. என் தாளைவிட அவள் தாளில் வெப்பம் இரண்டு மடங்கு போனது. எப்படி என்று கேட்டால், "பொறுமையா செஞ்சா வந்துடும்க்கா" என்பாள். அந்த 'அக்கா'வைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். பேராசிரியர் அவள் வரைபடங்களைச் சுவரில் ஒட்டினார். என்னுடையதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார். பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் 2.05. ஆய்வகத்தில் ஆள் இல்லை. அவள் பெட்டியைத் திறந்தேன். மறுநாள் பேராசிரியர் பார்க்கவிருந்த ஆறாம் எண் சாம்பிளை எடுத்தேன். இரண்டு மெல்லிய கம்பிகளுக்கு நடுவில் தாள் பாலம்போலத் தொங்கும். ஒரு கம்பி ஹீட்டர், மறு கம்பி வெப்பமானி. முகமூடியைக் கழற்றினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே, அப்படி 'ஹா' என்று அதன்மேல் ஊதினேன்.

ஒரே ஒரு மூச்சு. மனசு குளிர்ந்துவிட்டது.

எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை எண்ணாகப் பார்க்கவும் ஆசை வந்தது. சாம்பிளை இரும்புக் கூண்டுக்குள் வைத்து மூடினேன். பம்ப் உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி முடித்தபோது 2.40. கணினியில் பதிவை ஆரம்பித்தேன். ஹீட்டரை இன்னும் போடவில்லை.

வெப்பமானி 22.0 காட்டியது. அறையும் 22 டிகிரிதான்.

22.4.

22.0.

22.4... மறுபடி 22.0.

ஹீட்டரைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வயரையே பிடுங்கிப் போட்டேன்.

திரையில் கோடு ஏறியது. இறங்கியது. ஏழு முறை. பிறகு நேராகப் போனது... பதினோரு விநாடி. மறுபடி ஏழு. ஒவ்வொரு சுற்றிலும் சூடு கூடிக்கொண்டே போனது.

என் மூச்சுதான் ஏதோ செய்கிறதோ என்று மூச்சை அடக்கினேன். கோடு நிற்கவில்லை.

பம்ப்பின் டக் டக் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம்... ஹ்... ஹ்...

2.52. வெப்பமானி 36.8.

கூண்டின் சின்னக் கண்ணாடி ஜன்னலில் ஆவி படிந்தது. உள்பக்கமாக. உள்ளே காற்றே கிடையாது.

என் பிடரியில் ஏதோ சூடாகப் பட்டது.

விலகியது. பட்டது...

ஏழு முறை.

பிறகு...

நான் காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

இரவு முழுக்கத் தூங்கவில்லை. திங்கள் காலை 8.45க்குத் திரும்பிப் போனேன். யாரும் பார்ப்பதற்குள் சாம்பிளை அவள் பெட்டியில் வைத்துவிடும் எண்ணம். அவள் எனக்கு முன்பே வந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பதிவு திரையில் இருந்தது.

"நீங்கதானே?"

தலையாட்டினேன். திட்டுவாள், நேரே பேராசிரியரிடம் போவாள் என்று நினைத்தேன். அவள் திரையில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தாள் வளர்க்கணும்னா, கார்பனுக்காக நீங்க எல்லாரும் உலையில கேஸ் விடுவீங்க. நான் விட்டதில்லக்கா. என் சாம்பிள் எல்லாத்துலயும் இருக்கிறது என் தங்கச்சி முடி. போறதுக்கு முன்னாடி நான் வெட்டி வெச்சது."

அவள் விரல் அடுத்த சுற்றுக்கு நகர்ந்தது.

"கடைசி நாள் ஏழு மூச்சு விடுவா, நிறுத்துவா. மறுபடி ஏழு விடுவா. நான் பக்கத்துல உட்கார்ந்து எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு தடவை நிறுத்தினா, திரும்ப விடல."

அவள் திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

"நேத்து ஒரு நாள் தவிர, எட்டு மாசமா லீவு நாள்கூட விடாம இது முன்னாடி உட்கார்ந்திருக்கேன். ஒரு தடவைகூட அவ வரல. நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஊதினேன்," என்றேன். "கெட்டுப்போகட்டும்னு."

"நான் முகமூடியைக் கழட்டினதே இல்லையே," என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எட்டு மாதமாக நான் அவளைப் பார்த்த பார்வைதான் அது.

பத்து மணிக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை. சாம்பிள் பெட்டியோடு போய்விட்டாள். வேலை எனக்கே வந்தது. சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பதிவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். ஞாயிறு மதியம், சாயங்காலம், இரவு... ஆள் இல்லாத அறையில் ஏழு, இடைவெளி, ஏழு, இடைவெளி. ஒரு சுற்றுகூடத் தப்பவில்லை. திங்கள் காலை ஒரு சுற்றின் மூன்றாவது மூச்சில், பாதி ஏறியிருந்த கோடு சட்டென்று படுத்துவிட்டது. அதன் பிறகு அது ஏறவே இல்லை. நேரம் 8.04.

ஆய்வக வாசலில் அட்டை தேய்த்தால்தான் கதவு திறக்கும். அந்தப் பதிவையும் வாங்கிப் பார்த்தேன். அன்று முதல் ஆளாக அவள் உள்ளே வந்த நேரம் 8.04.