ஊசி போட்டாச்சு, சோறு வரவில்லை: சொகுசுக் கப்பலில் மூன்று இரவு

"சொகுசுக் கப்பலில் சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று தேடித்தானே இங்கே வந்திருக்கிறீர்கள்? நானும் கிளம்புவதற்கு முன் இதைத்தான் தேடினேன். கிடைத்ததெல்லாம் படங்கள். தர்பூசணியில் செதுக்கிய மயில், ஐந்து அடுக்கு கேக், கண்ணாடிக் கோப்பையில் ஏதோ பச்சை நிறத்தில். எத்தனை மணிக்குச் சோறு போடுவார்கள் என்று ஒரு புண்ணியவானும் எழுதவில்லை. அதைத்தான் நான் எழுதப் போகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போனது இந்தக் கோடை விடுமுறையில். நான் வில்லியனூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், வீடு பாகூர் பக்கம். என் கணவர் சேகர் டிராக்டர் வாடகைக்கு விடுகிறார். மாமனாருக்கு எழுபது வயது. நெல்லும் கரும்பும் போட்டே காலம் தள்ளியவர், கல்யாணம் காரியம் தவிர வேறெதற்கும் ஊரைவிட்டு இரண்டு ராத்திரி வெளியே தங்கியதில்லை. "அப்பாவை ஒரு தடவையாவது கப்பல்ல கூட்டினு போவணும்" என்று சேகர் ஒரு வருடமாகப் பணம் சேர்த்தார். நாங்கள் இருவர், மாமா, எட்டாவது முடித்த மகள் இலக்கியா. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். அத்தை வரவில்லை. "மாட்ட யாரு பாக்கறது?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இனி எங்கள் வீட்டுக் கூத்து. சென்னையில் ஏறினால் மறுநாள் காலையில் கப்பல் நிற்கும் ஊர் எது தெரியுமா? புதுச்சேரி! ஏஜென்ட் சொன்னபோது சேகருக்கு அதுவே பெரிய சந்தோஷம், நம் ஊரைக் கடலிலிருந்து பார்க்கலாமே என்று. மாமா கேட்டது ஒரே கேள்வி: "ஏம்பா, பாண்டிக்குப் போறதுக்கு மெட்ராசு போயி கப்பல் ஏறணுமா?" சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனாலும் மகன் முகத்தைப் பார்த்து அதற்குமேல் அவர் பேசவில்லை.

பாகூரிலிருந்து துறைமுகம் சுமார் நூற்று எழுபது கிலோமீட்டர். வாடகைக் கார் நாலாயிரத்து ஐந்நூறு. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வழியில் இட்லி சாப்பிட்டு, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சோதனையில் எங்கள் சாப்பாட்டுப் பையை அப்படியே பிடுங்கிக்கொண்டார்கள். புளிசோறு, கருவாட்டுத் தொக்கு, அத்தை சுட்ட முறுக்கு, பிஸ்கட் உட்பட. வெளிச் சாப்பாடு கூடாதாம். சரி, அது அவர்கள் விதி. ஆனால் அந்த விதியைப் பணம் வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டாமா? நானும் சும்மா விடவில்லை. "பெரியவருக்கு சுகர் இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றேன். மேசையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "உள்ளே இருபத்து நாலு மணி நேரமும் ஃபுட் இருக்கு மேடம்" என்றாள். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களிடமும் சொல்வார்கள்.

மதியச் சாப்பாடு மோசமில்லை. சாதம், பருப்பு, பனீர் இரண்டு விதம், கோழி ஒன்று. மீன் என்று வைத்திருந்ததைத்தான் மன்னிக்க முடியாது. முள்ளில்லாத, மணமில்லாத, ஐஸ்பெட்டியில் எத்தனை நாள் கிடந்ததோ தெரியாத ஒரு வெள்ளைத் துண்டு. பக்கத்து மீனவக் கிராமமான நல்லவாட்டில் படகு வந்ததும் கரையிலேயே வாங்கித் தின்று வளர்ந்த குடும்பம் எங்களுடையது. நடுக்கடலில் உட்கார வைத்து இதைப் போடுகிறார்களே! மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "மீனுதானா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பருப்பு சாதத்தோடு எழுந்துவிட்டார்.

ராத்திரிச் சாப்பாடு இரண்டு பந்தி. உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் எங்களுக்கு ஒதுக்கியது இரண்டாவது பந்தி, ஒன்பதேகாலுக்கு. மாமாவுக்குத் தினமும் ஏழரைக்கு இன்சுலின், எட்டு மணிக்குச் சாப்பாடு. முதல் பந்திக்கு மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன், இடமில்லை என்றார்கள். மேல் தளத்தில் பஃபே எட்டு மணிக்குத் திறக்கும், அங்கே போங்கள் என்றார்கள். அறையில் போட்டிருந்த அன்றைய நிகழ்ச்சித் தாளிலும் எட்டு மணி என்றே இருந்தது. அதை நம்பி ஏழரைக்கு ஊசி போட்டேன். சேகரும் இலக்கியாவும் மேஜிக் ஷோ பார்க்கக் கீழே போனார்கள். நானும் மாமாவும் மேலே போனோம்.

கதவு சாத்தியிருந்தது. ஏதோ கம்பெனிக்காரர்களின் விருந்தாம், முக்கால் மணி நேரம் ஆகுமாம். மாமாவுக்கு ஊசி போட்டாகிவிட்டது, உள்ளே போன மருந்து கம்பெனி விருந்துக்காகக் காத்திருக்குமா? இருபத்து நாலு மணி நேர உணவு எங்கே என்று கேட்டேன். அது பீட்சா கடை, தனிக் காசு, பணம் ஏற்றிய கார்டு வேண்டும். எங்கள் கார்டு சேகர் பையில். ஷோவுக்கு நடுவே அந்தக் கூடத்தின் கதவையும் திறக்க மாட்டேன் என்றார்கள். போன் போட்டால், கடலுக்குள் வந்தாகிவிட்டது, சிக்னல் இல்லை.

எட்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. ரயிலில் ஏறுவதைப் போல முண்டியடித்தார்கள். மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் வரிசையில் போய் இரண்டு தட்டு எடுத்தேன். மேற்பார்வைக்காரர் ஒருவர், நம் தமிழ்க்காரர்தான், கையை நீட்டி மறித்தார்.

"ஒருத்தருக்கு ஒரு பிளேட்தான் மேடம். சார் வந்து எடுத்துக்கணும்."

"வயசானவர் சார். ஊசி போட்டிருக்கு."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ரூல் ரூல்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்து வந்துவிட்டார். சண்டை வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அந்த ஆள் அவர் கையில் ஒரு காலித் தட்டைத் திணித்து, வரிசையின் கடைசியைக் காட்டினார். இந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நடவுக்கு வந்தவர்களுக்குக்கூட உட்கார வைத்து இலை போட்டுப் பரிமாறாமல் அவர் வாயில் சோறு வைத்ததில்லை. பஃபே நடக்கும் கல்யாணத்தில், தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூச்சப்பட்டு, மொய் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற ஆள். அவர் எனக்காக, என் சண்டை பெரிதாகாமல் இருப்பதற்காக, போய் நின்றார். இருபது நிமிடம் நின்றார். அவர் முறை வந்தபோது சாதம் தீர்ந்துவிட்டது.

"ஃபைவ் மினிட்ஸ் சார், சைடுல நில்லுங்க."

மாமா தட்டை மேசையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். வெளியே நடந்துவிட்டார். நான் ஒரு பன்னையும் ஒரு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வாசலில் இன்னொருவர், உணவை வெளியே கொண்டு போகக் கூடாது என்று கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. பன் அங்கேயே விழுந்தது, பழம் என் கையில் நின்றது.

அறைக்கு வருவதற்குள் மாமாவின் சட்டை நனைந்துவிட்டது. கை நடுங்கியது. விரலைக் குத்திப் பார்த்தேன், சர்க்கரை ஐம்பத்து நான்கு. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. நான் வைத்திருந்த குளுக்கோஸ் பெரிய பெட்டியில் இருந்தது, அந்தப் பெட்டியைக் கப்பல்காரர்கள் இன்னும் அறைக்கே கொண்டுவரவில்லை. சின்ன பிரிட்ஜில் இருந்த ஜூஸ் டப்பாவை உடைத்துக் குடிக்க வைத்து, பழத்தையும் பிய்த்து ஊட்டினேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார். நான் பயந்துபோயிருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஜூஸுக்கு மறுநாள் கணக்கில் இருநூற்று எண்பது ரூபாய் போட்டிருந்தார்கள்.

தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சேகருகிட்ட சொல்லிடாத மலரு. புள்ள ஆசப்பட்டுக் கூட்டினு வந்திருக்கு."

"மாமா, இது சொல்லாம வுடற விஷயமா?"

"சொன்னா அவன் சோறு துன்ன மாட்டான். வுடு."

ஒன்பதேகால் பந்திக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போய் நால்வரும் உட்கார்ந்தோம். இலக்கியா மேஜிக்காரன் புறாவை வரவழைத்த கதையைச் சொன்னாள். மாமா சிரித்துச் சிரித்துக் கேட்டார்.

காலையில் கப்பல் புதுச்சேரிக்கு எதிரே நங்கூரம் போட்டிருந்தது. கலங்கரை விளக்கம் நன்றாகத் தெரிந்தது. சேகர் அப்பாவின் தோளில் கை போட்டு, "நம்மூரு, பாத்தியாப்பா?" என்று காட்டினார். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "செவலப் பசுவுக்கு நாளு நெருங்கிடுச்சு. ஒங்கம்மா தனியா இன்னா பண்ணுவா? நான் எறங்கி வூட்டுக்குப் போறேன்" என்றார். சேகரின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் பசு விஷயம் என்பதால் மறுக்க முடியவில்லை. மாமாவை விட்டுவிட்டு வருகிறேன் என்று நானும் சின்னப் படகில் இறங்கினேன். கரையில் ஆட்டோ பிடித்தோம். பாகூருக்கு நானூறு ரூபாய்.

வீட்டில் அத்தை ஆச்சரியப்பட்டு, அவசரமாக இருந்ததைப் போட்டார். சோறு, கத்திரிக்காய்க் காரக்குழம்பு, அப்பளம். மாமா மூன்றாவது தடவை சோறு வாங்கினார்.

"கப்பல்ல இன்னா போட்டாங்க?"

"ராஜ சாப்பாடு. இருவது வகை இருக்கும். மீனு மட்டும் நாலு தினுசு."

"ராஜ சாப்பாடு சாப்ட்ட ஆளு இன்னாத்துக்கு இப்டி அள்ளிப் போட்டுக்கற?"

"கடக்காத்துக்குப் பசிக்குதுடி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் அப்பளத்தைப் பார்த்தார். பசு அசை போட்டுக்கொண்டு நின்றது. அது கன்று போட இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும், திரும்பினேன். மீதி இரண்டு நாள் சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை உணவு நன்றாக இருக்கிறது, இட்லி மட்டும் எடுக்காதீர்கள். டீ இயந்திரம் காலை ஏழுக்கு முன் வேலை செய்யாது. பாட்டில் தண்ணீருக்குத் தனிக் காசு, கூடத்தில் கேட்டால் குவளைத் தண்ணீர் சும்மா தருவார்கள். குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வேண்டிய மட்டும் கிடைக்கும், இலக்கியாவைக் கேட்டால் இதைவிட நல்ல கப்பல் உலகத்தில் இல்லை என்பாள்.

வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதையாவது கேளுங்கள். டிக்கெட் போடும்போதே முதல் பந்தி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மருத்துவரின் சீட்டைக் காட்டினால் பிஸ்கட்டும் குளுக்கோஸும் அனுமதிப்பார்கள், இது எனக்கு இறங்கும் நாளில்தான் தெரிந்தது. அவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு கார்டு வாங்கி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பணம் ஏற்றுங்கள். நிகழ்ச்சித் தாளில் போட்ட நேரத்தை நம்பவே நம்பாதீர்கள்.

இதையெல்லாம் எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் மாமா தெருவெல்லாம் கப்பல் பெருமை பேசிப் பேசி, எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் குடும்பம் அதே கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டது. ஏழுமலை அண்ணனும் ஊசி போடுகிறவர். நேற்று மாமா கடைக்கு வந்து, கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றார்.

"ஏழுமல ஊசி வாங்க வருவான் இல்ல, அவனுக்கு ஒண்ணு சொல்லு. கப்பல்ல, சோறு தட்டுல வுழுந்தப்பறம் ஊசி போட்டுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத."

"ஏன்னு கேட்டா?"

"அங்க அப்டித்தான் பழக்கம்னு சொல்லு."

"சாப்பாடு சரியில்லன்னு நீங்களே சொல்லிடலாமே மாமா!"

"எப்டிம்மா சொல்றது? சேகரு காதுல வுழாதா?"

அவர் போனதும் எனக்கு வந்த கோபம், கப்பல்காரன்மேல் வந்த கோபத்தைவிடப் பெரியது. இன்னொருவர் அந்த வரிசையில் காலித் தட்டோடு நிற்க வேண்டுமா? ராத்திரி உட்கார்ந்து முழுவதையும் எழுதினேன். சேகருக்குத் தெரியாமல் போடுவது நியாயமில்லை என்பதால் போனை அவரிடம் நீட்டினேன். பயணக் கட்டுரைதானே என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். பஃபே வரிசை வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்நேரத்துக்கு நான் கீழ கை தட்டினு ஒக்காந்திருந்தேன்" என்றார்.

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "போடு" என்றார்.