பொங்கல் தட்டில் வந்த மெமரி கார்டு

என் மனைவியின் அண்ணன் செய்யாத தொழில் கிடையாது. தெரிந்து செய்த தொழிலும் கிடையாது. கரிக்கலாம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தில் மஞ்சள் கல் நட்டு மனை விற்றார். அது படுத்ததும் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் விற்றார். அதுவும் படுத்ததும் மெமரி கார்டுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த வருடம் பொங்கல் சீர் கொண்டுவந்தபோது தட்டில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வாழைப்பழம். வெற்றிலைக்கு மேலே, சாமி படம் மாதிரி, ஒரு மெமரி கார்டு. அது எனக்கு. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கையடக்க கேம் கன்சோலில் பழைய கேம் ஆடுகிறவன் நான். நாற்பதை நெருங்குகிறவனுக்கு இது ஒரு பிழைப்பா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

“ஐந்நூத்திப் பன்னெண்டு ஜிபி, மாப்ள! ஒலகத்துல இருக்குற கேமையெல்லாம் கொட்டு, அப்பவும் எடம் இருக்கும்.”

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. மேலே இருந்த அச்சு மங்கல். கட்டைவிரலால் தேய்த்தால் மை விரலோடு வந்தது. பில் கிடையாது. அவர் பெருமையாகச் சொன்ன விலைக்கு, அதில் பெயர் போட்டிருந்த கம்பெனிக்காரன் வெறும் டப்பாவைக்கூடத் தர மாட்டான். நான் வேலை பார்ப்பதே தரம் பார்க்கிற பிரிவில். ஆகாத பாகத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

லேப்டாப்பை எடுக்கப் போனேன். மனைவி அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாப்பீங்களா? எங்க அண்ணன் எதிர்ல இன்னா சோதன வேண்டிக் கெடக்குது?”

அவள் சொன்னதும் சரிதான். பெண் வீட்டுச் சீரில் குறை கண்டுபிடித்தால் அந்தப் பேச்சு பாகூர் தாண்டிப் போகும். லேப்டாப்பைத் தொடாமல் திரும்பி வந்தேன்.

அவர் போன மறுநாள் சோதித்தேன். கார்டை முழுக்க நிரப்ப வேண்டும், நிரப்பியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட நம்பகமான வழி இல்லை. பதினாறு ஜிபியோடு அதன் வீரம் முடிந்தது. அதற்குமேல் போட்டதெல்லாம் பெயர் மட்டும் வரிசையாக நின்றது, உள்ளே ஒன்றுமில்லை. குப்பையில் எறிந்தேன். டவுனில் பில் போடுகிற கடைக்குப் போய் நல்ல கார்டு வாங்கி, அதையும் சோதித்துவிட்டுக் கன்சோலில் போட்டேன்.

“எங்க அண்ணன் குடுத்தது எப்படிங்க ஓடுது?” என்று மனைவி கேட்டாள்.

“ஜோரா ஓடுது,” என்றேன். எதற்கு வீண் சண்டை?

அங்கேதான் சனியன் பிடித்தது. மச்சான் ஆட்களை என் வீட்டுக்கே அழைத்துவர ஆரம்பித்தார்.

“பாருப்பா, எங்க மாப்ள ஒரு வருசமா போட்டு ஓட்டிக்கினு இருக்காரு. கம்பெனியில குவாலிட்டி பாக்குறவரு. அவரே வச்சிருக்காருன்னா நீ இன்னாத்துக்கு யோசிக்கிற?”

நான் டீ கிளாஸோடு சிரித்துக்கொண்டு நின்றேன். என் பணத்தில் வாங்கிய கார்டு அவருடைய போலிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர்களைப் பார்த்தாலும் எனக்கு இளக்காரம்தான். கத்தரிக்காயைக் காம்பு வரைக்கும் அழுத்திப் பார்த்து வாங்குகிறவன், மலிவு என்றதும் இதைப் பல்லை இளித்துக்கொண்டு வாங்குகிறான். வேண்டும் இவனுக்கு என்று நினைத்தேன்.

இதற்கிடையில் அப்பா போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் குருவிநத்தத்தில் தங்கை வீட்டில்தான் இருந்தார். நானும் தங்கையும் கேம் ஆடுவதைப் பார்த்தாலே விளக்குமாற்றைத் தேடியவர், கால் வீங்கி உட்கார்ந்த பிறகு தங்கையின் கன்சோலைப் பிடுங்கி ஆட ஆரம்பித்தாராம். திரையில் ஓடுகிற ஆளைப் பார்த்து, “டேய், பள்ளம்டா! சொல்றதக் கேக்குறானா பாரு!” என்று அவர் திட்டுவதைத் தங்கை போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தாள். அவர் குரல் இருந்தது அதில் மட்டும்தான். “பெரிய ஃபைல்ண்ணா, அனுப்ப முடியல. வூட்டுக்கு வந்து காப்பி பண்ணிக்கோ,” என்று நாலைந்து முறை சொன்னாள். நான் போகவில்லை.

வருடத் திவசத்தன்று சாப்பாடு முடிந்ததும், எல்லாருக்கும் அப்பாவைக் காட்டுகிறேன் என்று தங்கை தன் கன்சோலை எடுத்துவந்தாள். போன் நிறைந்துவிட்டதால் வீடியோக்களை அதிலிருக்கும் கார்டுக்கு மாற்றிவிட்டாளாம். ‘அப்பா 1’, ‘அப்பா 2’ என்று பெயர்கள் வரிசையாக நின்றன. அழுத்தினாள். ஒன்றும் திறக்கவில்லை.

“பாருண்ணா, ஒனக்குத் தெரியாததா,” என்று என்னிடம் நீட்டினாள்.

கார்டைக் கழற்றினேன். மை என் கட்டைவிரலில் ஒட்டியது.

“யாருகிட்ட வாங்குன?” தெரிந்தே கேட்டேன்.

“அண்ணியோட அண்ணங்கிட்டதான். ஒன் வூட்டுல ஓடுதுன்னாரு. நீ ஆகாதத வச்சிருக்க மாட்டியேன்னு நம்பித்தான போன்ல இருந்தத அழிச்சேன்?”

என் வீட்டில் ஓடுவது நான் கடையில் வாங்கியது என்று சொன்னேன். பொங்கல் தட்டில் வந்ததைச் சோதித்ததையும், குப்பையில் எறிந்ததையும், மூச்சு விடாமல் இருந்துவிட்டதையும் சொன்னேன். மச்சானை நாலு கெட்ட வார்த்தை திட்டினேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ ஒனக்குத் தெரியும்,” என்றாள்.