பாவம் என்ற சொல்

நேசமலர் யாரிடமும் சும்மா ஒன்றை வாங்கிப் பழகாதவள். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் யுத்தத்தில் வீடு எரிக்கப்பட்டபோது அயலார் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். மறுகிழமை ஒரு கூடை மீனோடு அவர்கள் வாசலில் போய் நின்றாள். தம்பி பேனாட்டோடு கிழக்கு பெர்லின் வழியாக வந்து மேற்கு ஜெர்மனியின் பான் நகரத்து அகதி விடுதியில் ஒதுங்கிய பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பழைய உடுப்புக் கொடுத்தால், மண்டபத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு வருவாள்.

1987 இலையுதிர் காலத்தில் பேனாட்டின் அகதி மனு தள்ளுபடியானது. இனி விமானம் ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பங்குச் சுவாமி ஒரு வழி சொன்னார். கோயில் மேல்மாடி அறையில் அவனை வைத்திருக்கலாம், பொலிஸ் அங்கே வரத் தயங்கும். ஆனால் பங்கு மக்கள் கை உயர்த்திச் சம்மதிக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கூடினார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மதுரைப் பெண் கிரிஜா, நேசமலருக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாக மொழிபெயர்த்தாள்.

சுவாமிக்குச் சரித்திரம் என்றால் உயிர். எண்ணூறு வருஷத்துக்கு முந்திய சிலுவைப் போரில் தொடங்கினார். ஜெருசலேம் பறிபோனதும் கிறிஸ்தவப் படைத்தலைவர்கள் ஐரோப்பாவுக்கு உதவி கேட்டு எழுதினார்களாம். அன்று அவர்களுக்குச் செவி கொடுத்தோமே, இன்று இவர்களுக்குக் கொடுக்க மாட்டோமா என்று கேட்டார்.

"எங்க பாவத்தாலதான் தோத்தோம்னு எழுதினாங்களாம், அக்கா."

"அவை ஊர் பிடிக்கப் போனவை. நாங்கள் ஆரின்ர ஊரைப் பிடிச்சனாங்கள்?"

கிரிஜா சிரிப்பை விழுங்கினாள். அப்போது முன்வரிசையில் தொப்பி போட்ட ஒரு கிழவி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி ஏதோ சொன்னாள்.

"பாவம் இவங்க, அப்படிங்கிறாங்க."

நேசமலர் எழுந்துவிட்டாள். "நாங்கள் என்ன பாவம் செய்தனாங்கள் எண்டு கேள், பிள்ளை."

"ஐயோ, அந்தப் பாவம் இல்லக்கா. பரிதாபம்."

"அதுவும் வேண்டாம்."

"உக்காருங்கக்கா, ப்ளீஸ். இப்போ ஓட்டு எடுக்கப்போறாங்க. காரியம் கெட்டுடும்."

அது நேசமலருக்குத் தெரியாததல்ல. கடைசி வரிசையில் பேனாட் தன் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"ஒரு சொல்லும் விடாமச் சொல்லு. நாங்கள் சண்டைக்கு ஆள் கேட்டு வரேல்லை. வாளும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். எங்கட வீட்டை எரிச்சவன்தான் பாவம் செய்தவன். என்ர தம்பிக்கு ஒரு அறை கேக்கிறன். அழுது காட்டினாத்தான் தருவியளெண்டா, எனக்கு அழ ஏலாது."

கிரிஜாவின் குரல் முதலில் தடுமாறியது. பிறகு அவளும் நிமிர்ந்து நின்று சொன்னாள். சுவாமி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்பிக் கிழவி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள். நேசமலரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். கண்ணீரும் இல்லை, சிரிப்பும் இல்லை. கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்த புருஷன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் அரைவாசி தூக்கினான். அவர்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கைகள் எழும்பின. சிலர் கடைசிவரை கட்டிய கையை அவிழ்க்கவில்லை. எழும்பிய கைகளே போதும் என்றார் சுவாமி.

பேனாட் பையைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது கேட்டான், "இல்லையெண்டு சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய், அக்கா?"

"கோயிலுக்குள்ள வந்தாச்செல்லோ. வாசல்ல குறுக்காலை படுத்திருப்பன். துணிவுள்ள பொலிஸ்காரன் தாண்டிப் போகட்டும். நட."