ஆயுத பூஜையைக் கண்டுபிடித்த மாடல்

நாற்பத்தாறு வயதில் எம்.இ. படிக்கப் பெரம்பலூர் போனேன். அரியலூரில் நான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையில் அந்தப் பட்டம் இல்லாமல் மேலாளராக முடியாது. அந்த இடம் என் படிப்பு முடியும் ஆண்டில் காலியாகும். கல்லூரியில் என் ப்ராஜெக்ட் வழிகாட்டி என்னைவிட மிக இளையவர். நான் அவரை சார் என்பேன், அவரும் என்னை சார் என்பார். பழைய பதிவுகளைக் கொண்டு கணினியைக் கணிக்கப் பழக்கும் மெஷின் லேர்னிங்கை அவர் கற்றுக்கொடுத்த விதம் எளிமையானது: அமெரிக்க வீட்டு விலைப் பட்டியலை இறக்கு, யாரோ எழுதிய நிரலை ஒட்டு, கணிப்பு எத்தனை சதவீதம் சரி என்று சொல். தொண்ணூற்றைந்துக்கு மேல் வந்தால் அது ஆராய்ச்சி. கீழே வந்தால் வேறு நிரலை ஒட்ட வேண்டும்.

ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் ஆலையின் ராட்சத விசிறிகளை எடுத்துக்கொண்டேன். அவற்றின் அதிர்வும் வெப்பமும் பல ஆண்டுகளாகக் கணினியில் பதிவாகியிருந்தன. எந்த விசிறியின் பேரிங் எப்போது பழுதாகும் என்று, அதைப் படித்த கணினி மாடல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னது, தொண்ணூற்றேழு சதவீதம் சரியாக. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எதையும் இன்னொரு முறை சரிபார்ப்பது என் கெட்ட பழக்கம். மாடல் எதை வைத்து முடிவெடுக்கிறது என்று பார்த்தேன். அதிர்வை அது சீந்தவே இல்லை. மாதத்தை மட்டும் பார்த்திருந்தது. செப்டம்பர், அக்டோபர் வந்தால் பேரிங் போய்விடுமாம்.

காரணம் ஆலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயுத பூஜைக்கு முன்பு விசிறிகளை நிறுத்திக் கழுவி, நல்ல பேரிங்கையும் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவோம். பழையதற்குச் சந்தனம் வைக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. மாற்றியதையெல்லாம் 'பழுது' என்றே கணினியில் பதிவோம். ஆக, மாடல் பண்டிகையைக் கண்டுபிடித்திருந்தது. அதைச் சொல்லச் சுவரில் தொங்கும் காலண்டர் போதும்.

மாதத்தையும், பூஜைக்காக மாற்றியவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். அறுபத்தொன்று.

"என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார் வழிகாட்டி.

"பழசு பொய் சார். எடுத்துட்டேன்."

"கம்ப்யூட்டர் சொன்னது எப்பிடி சார் பொய்யாவும்? எக்ஸாமினர் என்ன, உங்க ஃபேன் மேல ஏறியா பாக்கப்போறாரு?"

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், டீ கிளாஸைக் கீழே வைக்காமலே என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"அறுவத்தொண்ணா? காலைலேர்ந்து வந்த பசங்கள்லாம் தொண்ணூத்தெட்டு காட்டுறானுங்க. உங்களுக்கு என்னங்க?"

பூஜை விஷயத்தைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். பிறகு, "பழைய நம்பரு எவ்ளோ?" என்றார்.

"தொண்ணூத்தேழு."

"அதையே போட்டுக் குடுத்துருங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

முடியாது என்றேன். 'மேம்படுத்தி அடுத்த பருவத்தில் சமர்ப்பிக்கவும்' என்று மிக அழகாக எழுதிக் கொடுத்தார். அடுத்த பருவம் முடிவதற்குள் மேலாளர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

சார் தன் பைக்கில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டார். அரியலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"ஒரு நம்பருக்காகப் போஸ்ட்டையே விட்டுட்டீங்களே சார்," என்றவர், கொஞ்சம் தயங்கி, "அந்தத் தொண்ணூத்தேழ நான் கட்டுரையாப் போட்டுக்கட்டுமா? உங்க பேர ரெண்டாவதா போடறேன்" என்றார்.

"என் பேரு வேணாம் சார்."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு," என்று வண்டியைத் திருப்பினார்.